சொட்டு மருந்து விட்ட பிறகு

வயிற்றுப் பிள்ளைக்காரியைக்
கண் பார்க்கிற அறைக்கு எதற்கு அனுப்புகிறார்கள்?
கூடலூர் ஆஸ்பத்திரி நடையில்
என்னைவிட அதிகம் குழம்பியது என் வீட்டுக்காரர்.
"மேலே நூற்றி அறுபது, கீழே நூற்றிப் பத்து" என்றாள் நர்ஸ் ஜிஸ்மோள்.
"கீழே இருந்தா நல்லதுதானே?" என்று கேட்டார்.

முப்பத்து மூன்றாவது வாரம்.
செருப்பு வார் அழுத்திய பள்ளம்
பாதத்தில் அரைமணி நேரம் கிடந்தது.

மூன்று நாளாகவே
ஒன்பதாம் நம்பர் காட்டில், கொழுந்துக்கு மேலே
மின்மினி பறந்தது. பட்டப்பகலில்.
சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.
மாலை நிறுவைக்கு இன்னும் ஏழு கிலோ வேண்டியிருந்தது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு கிள்ளினேன்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு.
எரிந்தது, பிறகு எரியவில்லை.
டாக்டர் ஹசீனா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்தபோது
எங்கள் லைனில் ராத்திரி யானை விரட்டப் போகிறவர்கள் மாதிரி இருந்தாள்.
"மேலே பாருங்க. அந்த ஆணியைப் பாருங்க. இப்ப என் காதை."
வெளிச்சம் உள்ளே போய் எதையோ தேடியது.
உடம்பைக் கிழிக்காமல் ரத்தக் குழாயைப் பார்க்க
இந்த ஒரு ஜன்னல்தான் என்றாள்,
என்னிடம் இல்லை, பக்கத்தில் நின்ற பயிற்சிப் பெண்ணிடம்.
"குழாய் சுருங்கியிருக்கு பார். இங்கே ஒரு பஞ்சுத் திட்டு.
இங்கேயும்."

தாளில் வட்டம் போட்டு
சிவப்புப் பென்சிலால் என் கண்ணை வரைந்தாள்.
காட்டினாள். எனக்கு ஒரு கலங்கல்தான் தெரிந்தது.

"பூச்சி பறக்கிற மாதிரி ஏதாவது?"
அதுவரை யாரும் கேட்கவில்லை.
"பறந்தது."
"எத்தனை நாளா?"
சொன்னேன். திட்டவில்லை.
பென்சில் மட்டும் கொஞ்ச நேரம் நகரவில்லை.

பிறகு எல்லாம் வேகம்.
ஊட்டிக்குப் போக வேண்டும், இப்பவே.
பிள்ளையை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கலாம்.
சம்மதத் தாள் வந்தது.
கிட்டே வைத்தேன், தள்ளி வைத்தேன்,
எழுத்தெல்லாம் மழை நனைத்த எறும்பு.
ஒரு பையன் மை டப்பாவைத் திறந்து
கேட்காமலே என் கட்டைவிரலைப் பிடித்தான்.

உதறினேன்.
பத்தாவது வரை படித்தவள் நான்.
"கையெழுத்துப் போடத் தெரியும்,
கோடுதான் தெரியலை" என்றேன்.
குரல் தேவைக்கு மேலே ஏறிவிட்டது.
நடையில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பினார்கள்.

ஜிஸ்மோள் வந்து தாளின் மேல் விரலை வைத்தாள்.
"இவிடே தொடங்கு சேச்சி."
விரலை ஒட்டியே எழுதினேன், யோகமலர் என்று.
கடைசிப் புள்ளி
அவள் நகத்தின் மேல் விழுந்தது.

நடுவட்டம் ஏறும்போது இருட்டிவிட்டது.
எதிரே வந்த ஒவ்வொரு விளக்கும்
பலாப்பழம் அளவுக்குப் பருத்து வெடித்தது.
"கண்ணை மூடிக்கோ" என்றார்.

மூடினால் அந்த மின்மினி.
திறந்தே வைத்திருந்தேன்.