பதினைந்து நாள்

லைமன் டட்டனுக்கு ஒரு கேப்டன் வேண்டும்.
ஒஹையோவிலிருந்து போன் செய்தார்,
காப்பீட்டுக் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்.
கூடத்துச் சுவரில் சான்றிதழுக்கு
ஆணிகூட அடித்தாயிற்றாம்.
"எங்கள் முன்னோரில் ஒருவர் போருக்குப் போயிருப்பார்,
பாருங்கள்."
மணிக்கு நாற்பது டாலர் என்றேன்.
சரி என்றார்.

மாசசூசெட்ஸில் ஒரு நீதிமன்ற நிலவறை. நவம்பர்.
கொதிகலன் இருமிக்கொண்டே இருக்கிறது.
மகனிலிருந்து தகப்பனுக்கு, அவனுடைய தகப்பனுக்கு என்று
இறங்கிப் போகிறேன்:
கல்யாணப் பதிவு, உயில், எல்லைக்கல் தகராறு,
கால் பங்குப் பசுவுக்காக அண்ணன் தம்பி போட்ட வழக்கு.
அப்போதெல்லாம் வருடம் பிறப்பது மார்ச் கடைசியில்.
பிப்ரவரியில் செத்தவனுக்கு இரண்டு ஆண்டு எழுதியிருப்பார்கள்,
எதில் சாவது என்று
அவனே முடிவு செய்துகொள்ளட்டும் என்பதுபோல.

ஏனோஸ் டட்டன் வரை ஏணி வந்தது.
அதற்கு மேல் படி இல்லை.
தகப்பன் பெயருக்கு
எழுத்தர் இரண்டு விரற்கடை விட்டுவைத்திருக்கிறார்.
யாரும் வந்து நிரப்பவில்லை.

தாய் பெயர் இருந்தது: தேங்க்ஃபுல்.
நன்றியுடையாள் என்று பெண்ணுக்குப் பெயர் வைத்த காலம்.
அதே பக்கத்தில் ஒரு பொறுமை, ஒரு அடக்கம்,
பிறந்த மூன்றாம் நாளே போய்விட்ட ஒரு ஆறுதல்.

வலி உச்சத்தில் இருக்கும்போது
தகப்பன் யாரென்று கேட்க வேண்டும்,
மருத்துவச்சிக்கு அது சட்டம்.
கேட்டிருக்கிறாள், மூன்று தரம்.
சத்தியம் செய்து சொல்லியிருக்கிறாள்:
"தண்ணீர் கேட்டாள். கதவைச் சாத்தச் சொன்னாள்.
பெயர் சொல்லவில்லை."

பிறகு அந்தச் சீட்டு, உள்ளங்கை அகலம்.
ஊருக்குப் பாரமாகக்கூடிய தேங்க்ஃபுல் டட்டனும்
அவள் கைக்குழந்தையும்
பதினைந்து நாளில் இவ்விடம் விட்டு நீங்குக.
கீழே ஐந்து பெரிய மனிதர்களின் கையெழுத்து.
நான்காவது, வாலை அழகாகச் சுழித்துக்கொண்டு,
ஒரு கேப்டன்.
பின்புறத்தில் ஊர்க்காவலர்:
நேரில் வாசித்துக் காட்டினேன். கூலி இரண்டு ஷில்லிங்.

எங்கே போயிருப்பாள்?
பக்கத்து ஊர்ப் பெட்டியைத் திறந்தேன்.
ஏப்ரலில் அங்கேயும் ஒரு சீட்டு.
அதற்கு அப்பால் ஜூலை,
சோளம் முழங்கால் தாண்டியிருக்கும்.
ஆற்றுக்கு மேற்கே அக்டோபர்.
அவளுடைய பெயரை அங்கே தப்பாக எழுதியிருக்கிறார்கள்.
நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்தேன்.
விரட்டிய ஊர்கள் மட்டும்
மைல்கல்லாக நிற்கின்றன.

ஐந்தாவது ஊர்.
பன்றிகளின் காதுக்குறி, வேலி வரி,
வெறிநாயைக் கொன்றவனுக்கு ஆறு பென்ஸ்.
சீட்டு இல்லை.
அடுத்த பெட்டியிலும் இல்லை.
இருபத்தோரு வருடம் கழித்து
அதே ஊரில் ஏனோஸுக்குக் கல்யாணம்.

என் தொழிலில் 'இல்லை' என்றால்
அன்றைய பொழுது வீண்.
அன்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
பனி மேற்கே பரவும் மாதத்தில்
யாரோ ஒருவர்
ஊர்க்கூட்டத்துக்குப் போய்ச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.
மாட்டுக்கொட்டகை வைத்திருந்தவரா, விதவையா,
சோம்பேறியான காவலரா,
எந்தப் பேரேட்டிலும் வரமாட்டார்.

லைமனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.
"குழந்தையைத் தூக்கிக்கொண்டா?" என்றார்.
"பிப்ரவரியிலா?"
ஆமாம் என்றேன்.
இரண்டு ஆண்டு எழுதுகிற பிப்ரவரி.

ஆணியைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
ராத்திரி ரசீது போட்டேன்:
தேடிய நேரம் பதினொரு மணி, நகல் நான்கு.
தொகை எழுதும்போது
அந்த இரண்டு ஷில்லிங் குறுக்கே வந்தது.
அடித்தேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
அதே தொகையைத் திரும்ப எழுதினேன்.