அம்மா திரையில் இல்லாத நேரம்

வெள்ளிக்கிழமை நூலகத்தைப் பூட்டியபின்
கீழ்த்தளத்தில் நானும் ஹில்லாரும்
ஒலியை அணைத்துவிட்டுப் படம் பார்ப்போம்.
மூன்று வயது நிரம்பாதவர்களுக்கு
நாளைக் காலை பத்து மணிக்கு
எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது.

வில்யாந்தியில் ஜனவரி.
ஏரி உறைந்து
நக்கி வைத்த தட்டாய் வெளியே கிடக்கிறது.

"எல்லா வயதினருக்கும்" என்று
பெட்டியின்மேல் அச்சிட்டவர்
எந்தக் குழந்தையையும் மடியில் வைத்துப்
படம் பார்த்திருக்க மாட்டார்.
நானும் பெற்றவளில்லை.
ஆனால் என்னிடம் ஒரு நோட்டும்
விநாடி முள் ஓடும் கடிகாரமும் இருக்கின்றன.

கரடிக்குட்டி: அம்மா திரையில் இல்லாத நேரம்
பதினொரு நொடி. அதிகம்.
நரி: பல் தெரிகிறது, கொட்டாவியில் மட்டும். ஆகட்டும்.
வாத்துகள்: கதவு இரண்டு தடவை அறைந்து சாத்துகிறது,
ஒலியைக் குறைக்கச் சைகை காட்டணும்.
கம்பளிநூல் பூனை: தூங்குகிறது, எழுகிறது, பால் குடிக்கிறது.
"இதில் என்ன இருக்கு?" என்றார் ஹில்லார்.
"ஒன்றுமில்லை. அதனால்தான்."

போன வாரம் ஒரு தகப்பன் கேட்டார்:
எண்கள் சொல்லித்தரும் படம் இல்லையா,
இன்னும் கொஞ்சம் வேகமாய்?
சன்னலோரம் அவர் மகனைக் காட்டினேன்.
கண்ணாடியில் ஒரு சொட்டு இறங்குவதைத்
தலை திருப்பாமல்
முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"அந்த வேகம்" என்றேன்.

கடைசியாக நீலப் படகு.
மரப்பொம்மைகள், ஆறு நிமிடம்.
பால்கேன் ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போகிறது.
படகுக்காரர் கரையைப் பார்த்துக் கையசைக்கிறார்.
படகு சிறுத்து, சிறுத்து, புள்ளி.
புயலில்லை, சுறாவில்லை, குரல் உயர்த்துபவர் எவருமில்லை.
மென்மை என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

சனிக்கிழமை.
வெந்நீர்க் குழாய்மேல் பதினேழு ஜோடிக்
கம்பளிக் காலணிகள் ஆவி விட்டன.
நரி கொட்டாவி விட்டதும்
முன்வரிசை மொத்தமும் கொட்டாவி விட்டது.
பூனைக்கு ஒருத்தி அழுதாள், த்ரீனு:
பாலையெல்லாம் அதுவே குடிச்சிடுச்சாம்.
என் நோட்டில் இல்லாத ஆபத்து.

பிறகு படகு.
படகுக்காரர் கையை உயர்த்தியதும்
உக்கு எழுந்தான். இரண்டு வயது ஒன்பது மாதம்,
ஒரு கையில் கடித்த பன்.
கம்பளத்தைக் கடந்து, நீட்டிய கால்களைக் கடந்து
தரைவரை தொங்கும் வெள்ளைத்துணிக்குப் போய்
புள்ளியின்மேல் உள்ளங்கையை வைத்தான்.
படகு நிற்கவில்லை.
அவன் புறங்கைமேல் ஏறிப்
போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம்தான் அழுகை.
கோபமில்லாத, பசியில்லாத,
எந்தக் கடிகாரத்தாலும் நான் அளந்திராத அழுகை.

"பின்லாந்தில் கட்டட வேலை" என்றாள் அவன் அம்மா லேலோ.
"ஒன்றுவிட்ட ஞாயிறு கப்பலேறுவார்.
நாங்கள் துறைமுகத்தில் நின்று..."
அதற்குமேல் கையை மட்டும்
கொஞ்சம் அசைத்துக் காட்டினாள்.

விளக்கைப் போட எழுந்தேன்.
ஹில்லார் என்னைக் கேட்கவில்லை.
அந்தக் கிழட்டு இயந்திரத்தில் ஒரு பிடி உண்டு,
துரு ஏறியது, யாரும் தொடுவதில்லை.
அதைத் திருப்பினார்.

புள்ளி பருத்தது.
சேமியாவை உறிஞ்சுவதுபோல்
புகை தன் குழாய்க்குள் திரும்பியது.
அலைகள் படகைப் பின்பக்கமாக இழுத்துவந்து
கரையில் விட்டன.
கையசைப்பு மட்டும் அப்படியே இருந்தது.
போகிறேன் என்றா, வந்துவிட்டேன் என்றா,
கைக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

"இன்னொருக்கா" என்றான் உக்கு.
போனது. வந்தது.
மூன்றாம் முறை போகும்போது
பதினேழு பேரும் கையசைத்தார்கள்,
பன் இருந்த கையும் அசைந்தது.

நல்லதுதான் செய்தோமா, தெரியவில்லை.
மறுநாள் ஞாயிறு.
துறைமுகத்தில் அந்தப் பிடி கிடையாது.
அவன் அதைத் தேடுவானோ என்று
இரவெல்லாம் புரண்டேன்.

திங்கள் காலை
இரண்டு கோடுகளையும் அடித்துவிட்டு எழுதினேன்:
நீலப் படகு. போவதற்கு ஆறு நிமிடம்.
வருவதற்கும் ஆறு நிமிடம் ஒதுக்கவும்.
ஹில்லார் விடுப்பில் இருந்தால்
பூனை போதும்,
த்ரீனு வராத வாரமென்றால்.