மூன்றாவது குழாய்

சோகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்
இருட்டில் நடந்தால் விழுகிறேன் என்று வந்தார்.
கண் திறந்திருந்தால் நிற்கிறார்,
மூடச் சொன்னால் சாய்கிறார்.
டாக்டர் ஷம்ஸா டார்ச் அடித்தார்.
வெளிச்சத்துக்கு மசியாத கண்பாப்பா
பேனா முனை மூக்கருகே வந்ததும் சுருங்கியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
முதுகு ஊசிக்குப் படிவம் கேட்டார்.

மூன்று குழாய்கள் என் மேசைக்கு வந்தன.
முதலாவதில் ரத்தம் இழையோடியிருந்தது.
அதை ஒதுக்கிவைத்தேன்:
ரத்தத்தின் சாட்சியை
மூளையின் சாட்சி என்று எழுதிவிடக் கூடாது.
மூன்றாவது,
கடலைக் காய்ச்சி எடுக்கும் இந்த ஊர்த் தண்ணீர் போல
தெளிவு. ருசியற்ற தெளிவு.

ரத்தம் முன்பே சொல்லிவிட்டது.
ஆனால் ரத்தம் எதையும் மறப்பதில்லை.
கிருமி செத்த பிறகும்
எதிர்ப்பொருள் நின்றுகொண்டே இருக்கும்,
முதலாளி ஓடிப்போன கட்டடத்தில்
சம்பளமில்லாமல் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி.

மாட்டின் இதயக் கொழுப்பில் செய்த கரைசல், ஒரு சொட்டு.
எட்டு நிமிடம் தட்டு சுழன்றது.
லென்சில் குனிந்தேன்.
துகளோடு துகள் சேரவில்லை.
இந்தச் சோதனை ஆமென்றால் நம்பலாம்,
இல்லையென்றால் நம்பக் கூடாது.
என் கணவரும் அப்படித்தான்.

இரண்டாவது சோதனைக்கு இருட்டறை.
சாயமேறிய சுருள்கள் பச்சையாய் எரிந்தன.
இது இல்லையென்றிருந்தால் நிம்மதி.
ஆமென்பது பாதிப் பதில்,
ரத்தத்திலிருந்து கசிந்ததாகவும் இருக்கலாம்.
செல்களை எண்ணினேன்.
ஐந்துக்குள் இருக்க வேண்டியது
முப்பத்தெட்டு.
மறுபடி எண்ணினேன்.
முப்பத்தெட்டு.

"போதும், மருந்தை ஆரம்பிப்போம்" என்றார் ஷம்ஸா.

சுயம்புலிங்கம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்.
நான் தமிழ் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
"தங்கச்சி, இது கம்பெனிக்குப் போகுமா?"
விசா மெடிக்கலில் இதே பெயருக்கு
அறைக்காரன் ஒருவன் பெட்டி கட்டியதை
அவர் பார்த்திருக்கிறார்.
"டாக்டருக்குப் போகும்" என்றேன்.
அதற்கு அப்பால் எனக்குத் தெரியாது.
நான்கு மணிக்கு ஒருமுறை நரம்பில் பெனிசிலின்,
பதினான்கு நாள்.
"சரியாயிடுமா?"
"கிருமி போயிடும். நடை... பாக்கலாம்ணே."

தலையாட்டினார். பிறகு,
"அவளும் ரத்தம் குடுத்துப் பாக்கணும்னா
போன்ல என்னன்னு சொல்ல?"

கணினி கேட்டது:
ஆம் அல்லது இல்லை.
மூன்றாவதாக ஒரு கட்டம் கிடையாது.

பகல் ஷிப்ட் வந்தபோது
ஒதுக்கிவைத்த முதல் குழாயில்
சிவப்பு அடியில் இறங்கி
மேலே தெளிந்திருந்தது.