கறுப்புத் திரை, நாற்பத்தொரு நிமிடம்

முதல் மென்பொருள் இலவசம்.
திரையின் நட்டநடுவே தன் பெயரை
மாட்டுத் தொடையில் இழுத்த சூடு மாதிரி
பதித்துவிட்டது.
கோபுரத்தின் பதினேழாம் தளத்தில்
ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறேன் நான்;
என் தலை இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ ஒருவருடைய கம்பெனி.

இரண்டாவது, பத்து நிமிடம் பதியும்,
மேலே வேண்டுமென்றால் பணம் கட்டு என்றது.
பாதிக் கிணறு தாண்டியவளிடம்
மீதிக் கிணற்றுக்கு விலை பேசுகிற சாமர்த்தியம்.
மருந்துக்கடையில் சம்பளம் போட
இன்னும் ஒன்பது நாள்.

மூன்றாவதைச் சொன்னவன் பாத்ரி.
குத்தாயிசியில் வெள்ளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
யார் வீட்டுக் கணினி படுத்தாலும்
அவனைத்தான் கூப்பிடுவார்கள்.
"பிட்ரேட்டைக் குறை, எலிசோ.
அறுபது ஃப்ரேம் வேண்டாம், முப்பது போதும்.
குறைத்துக் குறைத்துப் பார்"
என்றான்.
குறைத்தேன்.
கோபுரம் சீட்டுக்கட்டானது,
காவல் சிலைகள் சோப்புக்கட்டிகள் ஆயின,
நான் ஒரு சாம்பல் நிறப் புள்ளி.
என் கணினிக்கு வயது பதினொன்று.
விளையாட்டு ஓடினால் பதிவு திக்கும்,
பதிவு ஓடினால் விளையாட்டு திக்கும்,
இரண்டும் ஓடினால் உள்ளே விசிறி
ஓவென்று அலறும்,
கீழ்வீட்டு நோனா துடைப்பக் கட்டையால்
தன் கூரையை, அதாவது என் தரையை, இடிப்பாள்.

நான்காவதை நானே தேடினேன்.
வாட்டர்மார்க் இல்லை, கட்டணம் இல்லை, திக்கல் இல்லை.
சிவப்புப் புள்ளி ஒன்று மூலையில்
சாதுவாகக் கண் சிமிட்டியது.
அன்றைக்கு மழை; இருந்தும் மின்சாரம் போகவில்லை.
நான்கு மாதமாக நாற்பத்து நான்கு நிமிடத்துக்குக் கீழே
இறங்காதவள்
நாற்பத்தொன்றில் உச்சிக்குப் போய்
மணியை அடித்தேன்.
ஒரு தடவைகூட விழவில்லை.

கோப்பைத் திறந்தால் கறுப்பு.

இழுத்துப் பார்த்தேன்: பத்தாம் நிமிடம் கறுப்பு,
முப்பதாம் நிமிடம் கறுப்பு,
உச்சியும் கறுப்பு.
தாழி உடைந்திருந்தால்கூட மனம் ஆறும்.
தாழி முழுசாக இருக்கிறது,
வெண்ணெயைத்தான் காணோம்.
"முழுத்திரையில் ஆடினால் அதற்குக் கண் தெரியாது,
சொல்ல மறந்துவிட்டேன்" என்றான் பாத்ரி போனில்.
அவன் குரலில் நிஜமாகவே வருத்தம்.

அழிக்கப் போனேன்.
ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பால்கனித் தகரத்தில் மழை.
கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.
விசைப்பலகையில் அந்த இடது அம்புக்குறி
இவ்வளவு சத்தம் போடும் என்று இதுவரை தெரியாது.
நோனா இடித்தாள், இருமுறை.
பிறகு யாரோ ஒருத்தி
"ஐயா, தயவுசெய்து கொஞ்சம் நகருங்கள்" என்கிறாள்
கல்லாலான காவல் சிலையிடம்.
மருந்துக்கடையில் வரிசையை மறித்து நிற்கும் கிழவர்களிடம்
நான் பேசுகிற அதே குரல்.
சிரித்துவிட்டேன்.

இருபத்தொன்பதாம் நிமிடம்.
எனக்கு அந்த இடம் ஞாபகமிருக்கிறது:
விளிம்பில் கால் வழுக்கி,
ஒரு கையால் தொற்றிக்கொண்ட இடம்.
கறுப்புத் திரைக்குள்ளிருந்து
மூச்சை உள்ளிழுத்து, மிகத் தெளிவாக,
"பாத்ரி" என்றேன்.

திரும்ப ஓட்டினேன். அதேதான்.
அந்த நேரத்தில்
கணினி ஒன்றும் படுத்திருக்கவில்லை.

மறுநாள், "அந்தக் கோப்பை அனுப்பு,
எங்கே கோளாறு என்று பார்க்கிறேன்" என்றான்.
அழித்துவிட்டேன் என்றேன்.
மூன்று ஜிபி. டிஸ்கில் இடமில்லாமல்
அதற்காக இரண்டு படங்களையும்
போன வருடக் கணக்குகளையும் தூக்கியெறிந்திருக்கிறேன்.

ஐந்தாவதின் சுட்டியை அவனே அனுப்பினான்.
நல்லதாம், எடை குறைவாம், முழுத்திரையிலும் கண் தெரியுமாம்.
நிறுவி முடிந்ததும் ஒரு சின்னப் பெட்டி எழுந்து
மைக்கைத் திறக்கலாமா என்று கேட்டது.
ஆம். இல்லை.
மழை விட்டிருந்தது.
விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது,
மவுஸ் அம்பு இரண்டுக்கும் நடுவில்.