தப்பாய் மடிந்த வரைபடம்

மருதானை நடைபாதையில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன்.
நாட்டின் கொங்கிறீற் கட்டடங்கள் எல்லாம்
ஒரே தாளில், பதினாறு மடிப்பு.
கொழும்புக்கு இருபத்தொன்பது புள்ளி,
கண்டிக்கு ஆறு,
மட்டக்களப்புக்கு ஒன்று.
அதுவும் மடிப்பு விழுந்து நைந்த இடத்தில்.

நான் கொங்கிறீற்றை உடைக்கிறவள்.
வேலையே அதுதான்.
வார்த்த இருபத்தெட்டாம் நாள்
கட்டியை எந்திரத்தில் வைத்து நசுக்குவேன்,
எத்தனையில் வெடித்தது என்று எழுதுவேன்.
எழும்பி நிற்கிற ஒன்றை
நின்று பார்த்ததில்லை.

சனிக்கிழமை ஜெசீமாவின் ஸ்கூட்டியில் போனோம்.
புள்ளியைத் தேடினால்
புள்ளி வாவிக்குள் கிடந்தது.
அச்சடித்தவன் கை அரை மில்லிமீற்றர் நழுவியிருக்கும்.
கரையில் வலை உதறிக்கொண்டிருந்த சில்வெஸ்டர்
தாளைப் பார்க்காமலே சொன்னார்:
"அதிலயா? ஒரு கொங்கிறீற் கட்டை நிக்குதுகா.
எதுக்கு நட்டானுகளோ, மேல ஒண்டும் வரல்ல.
வலை கிழியும். நாங்க சுத்தித்தான் போறது."
கட்டையின் தலையில் நீர்க்காகம்
இறக்கை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.
"அப்ப சரியாத்தான் போட்டிருக்கான்" என்றாள் ஜெசீமா.

மறுகா புள்ளி இல்லாததையெல்லாம் பார்த்தோம்.
பன்னிரண்டு காலில் நிற்கும் தண்ணீர்த் தாங்கி.
மழை ஒழுகி ஒழுகி
கறுத்த கண்ணீர்க்கோடு விழுந்த களஞ்சியம்.
சந்தைக் கட்டடத்தின் மாடிப்படி:
அடிப்பக்கம் குனிந்து பார்த்தால்
பலகையின் வரி அப்படியே இருக்கிறது.
பலகையை எப்போதோ அடுப்புத் தின்றிருக்கும்.
வரியும், ஒரு மரக்கண்ணும்,
கோணலாய் அடித்த ஆணியின் தலையும்
சாம்பல் நிறத்தில் மிச்சம்.
அடித்தவனை மேசன் ஏசியிருப்பான்.

ஒவ்வொன்றையும் குமிழ்முனைப் பேனையால் குத்தினேன்.

அடுத்த சுவரில் வட்ட வட்டமாய்ப் பூச்சு,
பழைய சாம்பலில் புதிய வெளிறல்.
ஜெசீமாவின் உதடு அசைந்தது, எண்ணுகிறாள்.
நான் வரைபடத்தை வாசிக்கிறமாதிரி நின்றேன்.
அதற்கு எங்கள் கூடத்தில் பரிசோதனை இல்லை.

கந்தோரில் பழைய ஓவர்சியர் தேவசகாயம் இருந்தார்.
வாய்க்கால் வரைபடத்தை
உமலுக்குள் மீனுக்குக் கீழே வைத்துத்தான்
சோதனைச் சாவடி தாண்டுவாராம்.
வரைபடம் வைத்திருப்பவன் வழி தேடுகிறான் என்று
அந்நாளில் ஒருவரும் நம்பவில்லை.
இன்றைக்கும் அவருடைய கோப்புகளைத் திறந்தால்
பாரைக்குட்டி நாறும்.

திரும்பி வரும்போது பாலத்தடியில் பொலிஸ் மறித்தது.
தலைக்கவச வார் பூட்டவில்லை, என் பிழை.
"மொக்கத மே?" என்று
கையிலிருந்த தாளைக் காட்டிக் கேட்டார்.
என் வாய் உலர்ந்தது,
எதற்கென்று எனக்கே விளங்கவில்லை, இத்தனை வருடத்துக்குப் பிறகு.
அவர் அதை ஸ்கூட்டியின் இருக்கையில் விரித்தார்.
காற்று ஒரு மூலையைத் தூக்கியது,
ஜெசீமா முழங்கையால் அழுத்தினாள்.
விரல் வடமேற்கே ஊர்ந்து போய்
ஒரு புள்ளியில் நின்றது.
தன் ஊர்த் தபால் கந்தோராம்.
அம்மா ஓய்வூதியம் எடுக்கிற இடம் என்றார் உடைந்த தமிழில்.
காசில்லாமல்தான் பெயின்ற் அடிக்கவில்லை என்று
இவ்வளவு காலமும் நினைத்திருந்தாராம்.

மடிக்கத் தெரியவில்லை அவருக்கு.
எனக்கும்.
மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து
பின்னால் லொறி ஹோர்ன் அடிக்க
எப்படியோ மடங்கியது, உள்பக்கம் வெளியே.
தண்டம் எழுத மறந்துபோனார்.

இப்போது வாவிதான் அட்டை.
நீலத்தில் அச்சுப் புள்ளி ஒன்று,
கரையோரம் பேனைப் புள்ளி எட்டு.

திங்கட்கிழமை முதல் கட்டி
முப்பத்தொன்றில் வெடித்தது. எழுதினேன்.
பிறகு உடைந்த துண்டைப் புரட்டி
பலகை வரி இருக்கிறதா என்று பார்த்தேன்.
இரும்பு அச்சில் வார்த்தது.
கண்ணாடிபோல வழுவழுப்பு.