சோர்ஸ்

"படம் வருதில்ல. நீலமா நிக்கிது.
ஒருக்கா வந்திட்டுப் போறீங்களா?"

நீலமாய் நின்றால் டிஷ்ஷில் பிழையில்லை.
கூரையில் ஏறத் தேவையில்லை, ஏணி தேவையில்லை.
ஒரு பட்டன். அதை அமத்துவதற்காக
களுவாஞ்சிகுடியில் இருந்து ஓந்தாச்சிமடம் தாண்டி
கோட்டைக்கல்லாற்றுப் பாலத்துக் காற்றில்
மழைக்கோட்டு படபடக்கப் போகிறேன்.
இதற்கு எவ்வளவு காசு கேட்பது என்று
எட்டு வருசமாய் எனக்குத் தெரியாது.

பெரியகல்லாற்றில் ஜெயசீலி வாசலில் நிற்கிறாள்,
ஆடைத் தொழிற்சாலை அட்டை
இன்னும் கழுத்தில்.
ஐந்தரைக்கு பஸ், ஆறே முக்காலுக்கு வீடு,
பிறகு சோறு, மகளின் கணக்குக் கொப்பி.
எல்லாம் முடிந்து கண் சொருகுவதற்கு முன்னம்
அவளுக்கென்று மிஞ்சுவது அரை மணித்தியாலம்.
அதில் இருபது நிமிசம்
நீலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மேசையில் றிமோட் ஐந்து,
களவு போன சாமான் பொலிசில் வைத்த மாதிரி வரிசையாய்.
ரீவிக்கு ஒன்று. டிஷ்ஷுக்கு ஒன்று.
டெலிபோன்காரர் தந்த பெட்டிக்கு ஒன்று.
டோகாவில் இருந்து புருசன் அனுப்பியது
எலிக்குஞ்சு அளவு, இலக்கமே இல்லாதது.
ஐந்தாவது எதற்கென்று ஆருக்கும் தெரியாது.
ஆனாலும் எறிய மனமில்லையாம்.

"இதைப் போட்டா அது நிக்கிது.
அதைப் போட்டா சத்தம் மட்டும் வருது.
நான் என்ன பிளேனா ஓட்டுறன்?
குழாயைத் திறந்தா தண்ணி வருது.
எந்தத் தாங்கித் தண்ணி வேணும் எண்டு
குழாய் என்னட்டக் கேக்கிறல்லயே."

சோர்ஸை இரண்டு தரம் அமத்தினேன்.
படம் வந்தது.
நாடகத்தில் கல்யாணம் முடிந்து
ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பெட்டிகளைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்.
ஒவ்வொன்றும் தன்னளவில் சரி.
தன்னை விட்டால் இந்த வீட்டில்
வேறு பெட்டியே இல்லை என்று
ஒவ்வொன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறது.
எனக்கும் அப்படி இரண்டு அண்ணன்மார்.

மகளிடம் நகப்பூச்சு கேட்டேன்.
சிவப்பு முடிந்துவிட்டது, பச்சைதான் இருந்தது.
சோர்ஸுக்கு ஒரு பச்சைப் பொட்டு.
ரீவி றிமோட்டையும் டிஷ் றிமோட்டையும்
முதுகோடு முதுகு சேர்த்து றப்பர் பட்டியால் கட்டினேன்.
புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டரால் மற்றதெல்லாம் மூடினேன்.
மொத்தம் எண்பத்தொரு பட்டன்.
திறந்து விட்டது ஆறு.

"அப்ப மற்றதெல்லாம் சும்மாவா இருந்த?"
"சும்மா இல்ல. ஆருக்கோ வேணும்."
"ஆருக்கு?"
நான் அடுத்த பிளாஸ்டரைக் கிழித்தேன்.

பெற்றோலுக்கென்று முந்நூறு ரூபா நீட்டினாள்.
நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
திரும்பிப் பார்க்கையில்
கட்டுப் போட்ட அந்தச் சாமானை மடியில் வைத்து
சுவரில் சாய்ந்து இருந்தாள்.
பார்க்கிறாளா, நித்திரையா, சொல்லத் தெரியவில்லை.

ஒன்பதரைக்கு என் வீடு.
தர்மினி கதிரையில் உறங்கிப்போயிருக்க
நீலம் அறை முழுக்க நின்றது.
அவளுடைய முகம், சாப்பிட்டுக் கழுவாத கோப்பை,
சுவரில் காய்ந்த பூமாலை, எல்லாம் நீலம்.
எங்களிடம் றிமோட் ஏழு,
வாடிக்கையாளர் வேண்டாமென்று தந்தவை.
நாலை அமத்திப் பார்த்தேன். மூன்றில் பற்றரி இல்லை.
ஊருக்கெல்லாம் வழி சொல்பவன்
அவளை எழுப்பிக் கேட்க வெட்கப்பட்டு
கதிரைக்குப் பின்னால் குனிந்து
சுவர் சுவிச்சை நிற்பாட்டினேன்.

எல்லாப் பெட்டியும் ஒன்றாய் அடங்கியது.
இருட்டில் மழைச் சத்தம் கேட்டது.
அதற்கு முன்னமும் பெய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

காலையில் போட்டால் பெட்டி
புதிதாய்ப் பிறந்த மாதிரி தொடங்கும்.
எந்த மொழி? எந்த நாடு? இப்ப மணி என்ன?
தர்மினி தேத்தண்ணியோடு வந்து
'பிறகு' என்பதை அமத்துவாள்.