காலாவதி: மார்ச் 1983

ஞாயிற்றுக்கிழமை, திரிஸ்தான் நர்வாஹா தெருச் சந்தை.
கிளிக்கூண்டுக்கும் துருப்பிடித்த குழாய்களுக்கும் நடுவே
வில்மார் விரித்திருந்த போர்வையில்
மூன்று கார்ட்ரிட்ஜ் ஃபிலிம்கள்,
பொடிடப்பி அளவு.
மார்ச் 1983 என்று அச்சு,
இருமல் மருந்தில் போடுகிற அதே எழுத்தில்.

"குளிர்பெட்டியிலேயே இருந்ததும்மா."
முகர்ந்தேன். பாச்சை உருண்டை.
நாற்பது கோடை துணி அலமாரிக்குள் வெந்தது
குளிரை எங்கே கண்டது?
பல் ஆஸ்பத்திரியில் வேலை எனக்கு.
"வலிக்கவே வலிக்காது" என்று
நாளைக்கு இருபது முறை சொல்கிறவள்.
இந்தச் சுருதி தெரியும்.
மூன்றையும் ஒன்றின் விலைக்குக் கேட்டேன்.
யோசிக்காமல் கொடுத்தான்.
அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கேமரா வீட்டில் இருக்கிறது, சீப்பு நீளத்தில்.
அதற்குத் தெரிந்த வானிலை இரண்டு:
ஒரு சூரியன், ஒரு மேகம்.
இடையில் எதுவும் கிடையாது,
என் நாத்தனார் சுல்மாவுக்கு இல்லாததைப் போல.
"ஒண்ணும் வராது" என்றாள் சுல்மா.
பந்தயம்: ஒரு டஜன் பிறைரொட்டி.

பழைய ஃபிலிமுக்குப் பசி அதிகம்.
பத்து வருஷத்துக்கு ஒரு தடவை
வெளிச்சத்தை இரட்டிப்பாக்கு என்பது கணக்கு.
கணக்குப்படி எனக்குப் பதினாறு சூரியன் வேண்டும்.
மொந்தெவிதேயோவில் இருப்பது ஒன்று,
அதுவும் ஆகஸ்டில் பாதி நாள் விடுப்பு.

டிசம்பர் வரை காத்திருந்தேன்.
கடற்கரைச் சாலை, உச்சிவெயில்,
குறியை மேகத்தில் வைத்துக்கொண்டு
வெயிலைச் சுட்டேன்.
தூண்டில்காரர், அவர் வாளி,
வாளிக்குள் மூக்கை விட்ட நாய்,
மாத்தே குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
சைக்கிள் மிதித்த பையன்.
ஒவ்வொன்றுக்கும் பின்
கறக், கறக் என்று தள்ளுவிசை.
முதுகுச் சன்னலில் எண் நகரும்.
பதினொன்றாவதற்குச் சுல்மாவை நிறுத்தினேன்.
"என்னை எடுக்காதே" என்று சொல்லிக்கொண்டே
தலையைக் கோதிக்கொண்டாள்.

டாக்டர் எச்சார்த் எக்ஸ்ரேயைக் கணினிக்கு மாற்றிய பின்பும்
பழைய கழுவு தொட்டி மாடிப்படிக்கு அடியில் கிடந்தது.
சனிக்கிழமை கதவிடுக்கில் துணி செருகி,
பல் பிடுங்கும் குறட்டால்
கார்ட்ரிட்ஜின் தாடையைப் பிளந்தேன்.
அது வலிக்கிறது என்று சொல்லவில்லை.
கடைவாய்ப்பல் படத்துக்கான மருந்தில்
கலர் ஃபிலிமை முக்கினால் என்ன வரும்?
கறுப்பு வெள்ளை வரும், வந்தால்.

கிளிப்பில் தொங்கியது புகைபிடித்த நாடா.
வாளி இல்லை. நாய் இல்லை.
சைக்கிள் இருந்த இடத்தில் அடுப்புக்கரி.
ஆனால் எண்கள் இருந்தன.
பின்காகிதத்தில் அச்சிட்ட எண்கள்
இத்தனை காலம் ஃபிலிமோடு ஒட்டிப் படுத்ததில்
அதன் தோலில் இறங்கியிருந்தன.
மூன்று. நான்கு. ஐந்து.
தெளிவாக, கூச்சமில்லாமல்,
கடல் இருக்க வேண்டிய இடத்தில்.

பதினொன்றில் மட்டும் யாரோ.
சன்னலுக்கு நேரே பிடித்தேன்.
எக்ஸ்ரேயில் பல் வெள்ளை; இதில் கறுப்பு.
முன்பல் இரண்டுக்கும் நடுவே அந்த இடைவெளி.
நான்தான் எத்தனை முறை அளந்திருக்கிறேன்!
சுல்மா. சிரிக்கிறாள்.
நெற்றியில் 11.

"இது நானில்லை, நம்பர்தான் வந்திருக்கு" என்றாள்.
"பல் உன்னுது."
"பல்லை யார் கேட்டா?"
வழக்கு முடியவில்லை.
ரொட்டியை ஆளுக்கு ஆறாக வாங்கினோம்.
படத்தை அவள் கைபேசியில் வைத்திருக்கிறாள்,
கேட்டால் இல்லை என்பாள்.

அடுத்த ஞாயிறு வில்மார் கேட்டான்:
"வந்ததா?"
"ஒண்ணு வந்தது" என்றேன், வாய் சும்மா இராமல்.
பேனாவை எடுத்தான்.
போர்வையில் மிச்சமிருந்த நான்கின் முன்னால்
அட்டைத் துண்டில் எழுதினான்:
சோதித்துப் பார்த்தது. நன்றாக வேலை செய்யும்.
விலையை அடித்து இரண்டு மடங்காக்கினான்.

பேரம் பேச எனக்கு வாய் எழவில்லை.
ஒன்று எடுத்துக்கொண்டேன்.